நடந்தால் மட்டும் போதுமா, பெரியம்மா?



வானொலியில் உடல்நல அங்கம் வரும்போதெல்லாம் நேயர்கள் அதிகம் கேட்பது இனிப்புநீரைப் பற்றித்தான். என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்று கேட்பார்கள். "எவ்வளவு எடை தூக்கலாம்?" என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அப்போது நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் என் பெரியம்மாவும் அதில் ஒருவர். வயது 71. இளமையில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய் செம்பனை வந்ததும் உதிரிப்பழம் பொறுக்கி மூட்டை தூக்கியவர். நோய் தெரிந்ததும் சோற்றைக் குறைத்தார், கோப்பியில் சீனியை நிறுத்தினார், தினமும் மாலையில் நடந்தார். கிளினிக் கார்டில் எண்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் கால்கள் குச்சியாகிவிட்டன. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தாரோ "மெலிஞ்சு அழகாயிட்டீங்க" என்றார்கள்.

அந்த மெலிவில் போனது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். வயது ஏற ஏறத் தசை கரைவதற்கு மருத்துவத்தில் 'சார்கோபீனியா' என்று பெயர். இனிப்புநீர் அதை விரைவுபடுத்துகிறது. சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அது குறைந்தால் சீனி போய்ச் சேர இடமும் குறைகிறது. உழைக்கும் தசையோ இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோதும் சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வாளி நிறையப் பால் சுமந்ததும் செம்பனைக் குலையை வண்டியில் ஏற்றியதும் தோட்டத்துத் தலைமுறைக்குத் தெரியாமலே கிடைத்த பளுப் பயிற்சி. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்ததும் அது நின்றுபோனது. மிச்சமிருந்ததைப் பிள்ளைகள் நாம் நிறுத்தினோம். "அரிசி மூட்டையைத் தொடாதீங்க, சும்மா உட்காருங்க" என்கிறோம். பாசம்தான். ஆனால் கழிவறையிலிருந்து தானே எழ முடியாத நாளை அந்தப் பாசம் சீக்கிரமாகவே கொண்டுவந்துவிடுகிறது.

நடை இதயத்துக்கு நல்லது, விட வேண்டாம். ஆனால் தசை வளர எடை வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இனிப்புநீர் உள்ள 62 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. வாரம் மூன்று முறை, 16 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களின் சராசரி எச்பிஏ1சி 8.7-லிருந்து 7.6-க்கு இறங்கியது. அவர்களில் 72 விழுக்காட்டினருக்கு மருந்தைக் குறைக்க முடிந்தது. பயிற்சி செய்யாதவர்களின் அளவு இறங்கவில்லை. அதே நகரில் 90 வயதை ஒட்டியவர்கள்கூட எட்டு வாரப் பயிற்சியில் கால்வலுவை இரு மடங்குக்கும் மேல் கூட்டிக்கொண்டதை 1990-இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது.

இதற்கு ஜிம் வேண்டாம். சுவரோரம் அசையாத நாற்காலியில் அமர்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, மேசையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை மடக்கித் தூக்குவது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமானால் எடையைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

தசைக்குப் புரதமும் வேண்டும். ஆற்றோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் மீனுக்குக் குறைவில்லை. முட்டை, பருப்பு, தெம்பே இருக்கின்றன. சோற்றைக் குறைத்த தட்டில் இவை கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் ஊடகம் படித்தவள், மருத்துவம் அல்ல. ஆகவே தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, விழித்திரைப் பாதிப்பு, ஆறாத கால்புண் இருந்தால் அவர் அனுமதி கட்டாயம். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பயிற்சியால் சீனி திடீரெனத் தாழலாம். முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், இனிப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

இன்று வீட்டில் ஒரு சோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை தளர்ந்திருக்கலாம் என்கிறது ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல். அந்த எண்ணைக் கிளினிக் கார்டின் பின்பக்கம் குறித்துவைத்து, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.