டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் பண்ணா கார் பறக்குமா?

டிராக் ரேஸ் களத்தில் பறக்கலாம், சாலையில் ஆபத்துதான். டயர் வழுக்குவதை சென்சார் கண்டதும் இந்த சிஸ்டம் இன்ஜின் பவரைக் குறைக்கும், பிரேக்கும் போடும். பிரச்னை என்னன்னா, டயர் லேசாக வழுக்கும்போதுதான் அதிகப் பிடிப்பு கிடைக்கும். மழைச் சாலையையும் மனதில் வைத்து செட் செய்த சிஸ்டம் அதற்கு முன்பே பவரை வெட்டினால், 402 மீட்டர் ரேஸில் ஸ்டார்ட் சொதப்பும்.

அதனால்தான் 2018 டாட்ஜ் டீமனின் 'டிராக் மோட்' டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கிறது. ஆனால், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை விட்டுவைக்கிறது. டிராக் ரேஸுக்கான டயரும், எடையைப் பின்சக்கரங்களுக்குத் தள்ளும் சஸ்பென்ஷனும் துணைக்கு உண்டு. களத்தில் பிடிப்புப் பசையும் தெளித்திருப்பார்கள். இதெல்லாம் இல்லாத சாலையில் டயர்தான் புகையும், கார் திசைமாறும். ரேஸ் ஆசையா? களத்துக்குப் போங்க, வேகத்துக்காக சாலையில் அந்த பட்டனைத் தொடாதீங்க.