ஹார்மோன் ஊசிக்கு முன்பே பேச வேண்டும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை தொடங்குமுன், அது உடலையும் மனத்தையும் என்ன செய்யும் என்பதை நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் தமிழிலோ தெலுங்கிலோ பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். எலும்பு, சர்க்கரை, இதயம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் அந்தச் சிகிச்சையோடு சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஆந்திரத்தின் பங்காருபாளையம் வட்டாரத்தில் புற்றுநோயாளிகளின் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

இந்தப் புற்றுநோய் நேரடியாக ஹார்மோன் கோளாறை உண்டாக்குவது அரிது. பெரும்பாலும் சிகிச்சையால்தான் அது வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். விரைகளை அகற்றும் அறுவையும், பின்னாளில் வந்த லியூப்ரோலைடு, கோசெரலின் ஊசிகளும் செய்வது இந்த டெஸ்டோஸ்டிரோன் குறைப்பைத்தான். பரவிய நோயிலும் ஆயுளை நீட்டிக்கும் சிகிச்சை இது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் இதை நிறுத்தக் கூடாது.

ஆனால் டெஸ்டோஸ்டிரோன் வற்றியதும் உடல் திடீரென்று கொதித்து வியர்க்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருகிற அதே வேதனை. தாம்பத்திய ஆசை போகும், மார்பு பெருக்கும், தசை கரையும், வயிற்றில் கொழுப்பு சேரும், மனம் சோரும். முன்கூட்டிச் சொல்லப்படாத மனிதர் இதையெல்லாம் நோய் முற்றியதாக எண்ணிக்கொள்கிறார். அல்லது வெட்கத்தில் மனைவியிடம்கூடப் பேசாமல் ஒடுங்கிப்போகிறார். இந்த மௌனம்தான் எங்களை அதிகம் வருத்துகிறது.

வெளியே தெரியாத கேடு எலும்பில் நடக்கிறது. முதல் ஆண்டிலேயே அதன் அடர்த்தி குறையத் தொடங்கும். மாந்தோப்பிலும் வரப்பிலும் நடமாடும் முதியவர் ஒருமுறை இடறி விழுந்தால் இடுப்பு முறியலாம். எனவே தொடக்கத்திலேயே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பதும் வைட்டமின் டி அளவு பார்ப்பதும் அவசியம். சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுவதால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். இதே சிகிச்சையில் அபிராடெரோன் மாத்திரையும் சாப்பிடுவோருக்கு ரத்த அழுத்தம் ஏறி பொட்டாசியம் இறங்கக்கூடும். அதைத் தடுக்கவே பிரெட்னிசோலோன் கொடுக்கிறார்கள். சின்ன மாத்திரைதானே என்று அதை விட்டுவிடுவது ஆபத்து.

வேலூருக்கும் திருப்பதிக்கும் ஊசிக்காக அலைகிறவர்களை ரத்த அழுத்தம் பார்க்கவும் அலைய விடக் கூடாது. அதையும் சர்க்கரைப் பரிசோதனையையும் உள்ளூர் அரசு சுகாதார நிலையமே செய்து, பெரிய மருத்துவமனைக்கு எழுதி அனுப்பலாம். எந்தக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடந்தாலும், எலும்புப் பரிசோதனைச் செலவு நோயாளியின் தலையில் விழக் கூடாது.

உங்கள் வீட்டில் இந்த ஊசி போட்டுக்கொள்ளும் அப்பாவோ தாத்தாவோ இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு அம்மாவையோ பாட்டியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். எலும்புப் பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.