சலாகையும் கோடும்: ஒரு படத்தை வைத்துப் பாடசாலையை மூடலாமா?

 

தீவகத்து உறவுகளே, கொஞ்சம் நீண்ட பதிவு. குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற நேரத்திலாவது வாசித்துவிடுங்கள். பிள்ளைகளின் படிப்பு விடயம்.

அண்மையில் ஒரு கூட்டத்தில் எங்கள் பாடசாலையின் ஐந்து வருடக் கணக்கை ஒரே படமாகத் திரையில் காட்டினார்கள். மாணவர் தொகை நீலச் சலாகைகளாக, வருடத்துக்கு வருடம் கட்டையாகிக்கொண்டு போனது. அதற்கு மேலே சாதாரண தரத்தில் சித்தியடைந்தோரின் சதவீதம் சிவப்புக் கோடாக ஓடியது. ஓரிடத்தில் அந்தக் கோடு உச்சியில் இருந்து அடிக்கு விழுந்தது. பிள்ளைகளும் இல்லை, பெறுபேறும் இல்லை, பக்கத்துப் பாடசாலையோடு சேர்த்துவிட்டால் என்ன என்ற பேச்சு அதோடு வந்தது. பெற்றோர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினோம். உச்சியில் இருந்த வருடம் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 5 பேர், சித்தி 4 பேர். அது 80 சதவீதம். அடுத்த வருடம் தோற்றியவர்கள் 6 பேர், சித்தி 3 பேர். அது 50 சதவீதம். சித்தியடைந்தவர்களில் குறைந்தது ஒரே ஒரு பிள்ளை. படத்திலோ 30 புள்ளி வீழ்ச்சி. போதாததற்கு, வலது பக்க அச்சு பூச்சியத்தில் தொடங்காமல் 40இல் தொடங்கியிருந்தது. ஆகவே 50 என்பது தரையைத் தொட்டது போலத் தெரிந்தது.

இதில் பொய் இலக்கம் ஒன்றுமே இல்லை. அதுதான் நாங்கள் சொல்ல வருவது. இலக்கம் எல்லாம் சரியாக இருக்கும்போதே படம் பிழையாகப் பேசலாம். இடது அச்சு ஆட்களைக் கணக்கிடுகிறது, வலது அச்சு சதவீதத்தைக் கணக்கிடுகிறது. இரண்டுக்கும் அளவிடை வேறு. கோடு சலாகைக்குக் கீழே இறங்கினது என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. அளவிடையை மாற்றினால் அதே கோடு மேலே ஏறி நிற்கும்.

அப்படியென்றால் சலாகையையும் கோட்டையும் ஒரே படத்தில் போடவே கூடாதா? போடலாம். 1821இல் வில்லியம் பிளேஃபெயர் கோதுமை விலையைச் சலாகைகளாகவும் தொழிலாளர் கூலியைக் கோடாகவும் ஒரே தாளில் வரைந்தார். கூலியோடு ஒப்பிட்டால் முன்பு ஒருபோதும் கோதுமை இவ்வளவு மலிவாக இருந்ததில்லை என்று காட்டுவதுதான் அவருடைய எண்ணம். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு உயரமான விலையும் அடியில் கிடக்கும் கூலியும்தான் படுகிறது. வரைந்தவரையே படம் கைவிட்டுவிட்டது!

நன்றாகச் செய்த படமும் உண்டு. புவியியல் பாடத்தில் நம் பிள்ளைகள் வரைகிற காலநிலை வரைபு அது. மழைவீழ்ச்சி சலாகை, வெப்பநிலை கோடு. கௌசன் என்ற பிரெஞ்சு அறிஞரின் முறையில் 10 பாகை வெப்பத்துக்கு 20 மில்லிமீற்றர் மழை என்று இரண்டு அச்சையும் முதலிலேயே கட்டிவைத்துவிடுவார்கள். மழை வெப்பக் கோட்டுக்குக் கீழே போனால் அது வறண்ட மாதம். யாழ்ப்பாணத்துக்கு இதை வரைந்தால் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை சலாகைகள் எழும்பி நிற்கும், யூன் யூலையில் கோட்டுக்கு வெகு கீழே கிடக்கும். நம் கிணறுகள் ஏன் உவர்க்கின்றன என்று ஒரு பிள்ளை அதைப் பார்த்தே சொல்லும். அங்கே கோடும் சலாகையும் சந்திப்பதற்குப் பொருள் உண்டு. அளவிடையை வரைகிறவர் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

இன்னொன்று. கோடு என்றால் இடையிலும் தொடர்ந்தது என்று பொருள். சலாகை என்றால் அந்த நேரத்தில் எண்ணினோம் என்று பொருள். யாழ் மாவட்டச் சனத்தொகை 1981 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7 லட்சத்து 38 ஆயிரம். 2012இல் ஏறத்தாழ 5 லட்சத்து 83 ஆயிரம். 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே இல்லை, 2001இல் யாழ்ப்பாணத்தில் எடுக்க முடியவில்லை. இரண்டு புள்ளியையும் கோட்டால் இணைத்தால் ஆண்டுக்கு ஐயாயிரம் பேர் மெல்ல மெல்ல எழும்பிப் போனது போல இருக்கும். அப்படியா நடந்தது? 1990 ஓகஸ்டில் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சனம் எப்படிப் போனது, அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எப்படி வெளியேற்றப்பட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அங்கே இரண்டு சலாகைதான் வர வேண்டும். நடுவில் வெறுமையை வெறுமையாகவே விட வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துத் தரம் 10 பிள்ளைகளோடு கணனி அறையில் இருந்தோம். சார்ட் ஜேஎஸ் என்ற இலவச வரைபு நூலகம் இருக்கிறது. ஒரே ஒரு கோப்பு, பென் டிரைவில் கொண்டுவந்தால் இணையம் இல்லாமலும் உலாவியில் வேலை செய்யும். ஒரு தரவு வரிசைக்குச் சலாகை, இன்னொன்றுக்குக் கோடு என்று தனித்தனியாகச் சொல்லலாம். எது எந்த அச்சு என்றும் சொல்லலாம். தரவு இல்லாத இடத்தில் நாங்கள் கேட்டால் ஒழியக் கோட்டை இணைக்காது. அந்த நாணயம் எங்களுக்குப் பிடித்தது.

பிள்ளைகள் தோற்றியோரை ஒரு சலாகையாகவும் சித்தியடைந்தோரை அதன் பக்கத்துச் சலாகையாகவும் போட்டார்கள். கணித ஆசிரியர் இல்லாத மாதங்களைக் கோடாகப் போட்டோம். பெறுபேறு குறைந்த வருடம் கணிதத்துக்கு ஏழு மாதம் வெற்றிடம். திரையில் காட்டிய படத்தில் இந்த வரிசை இருக்கவே இல்லை.

எங்களுக்குச் சந்தோசம். உடனே ஒரு பிள்ளை கேட்டது, "சேர், அந்தப் பக்க அச்சு ஏன் ஏழிலேயே முடியுது? வருசத்துக்குப் பன்னிரண்டு மாதமெல்லோ?" வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் செய்த வேலையையே எங்கள் பக்கத்துக்கு நாங்களும் செய்திருந்தோம். பூச்சியத்தில் இருந்து 12 வரை மாற்றி வரைந்தோம். கோடு முன்பு போலப் பயமுறுத்தவில்லை. ஆனாலும் கேள்வி அப்படியே நின்றது.

எண்ணிக்கை சிறிதாக இருக்கிற இடத்தில் சதவீதக் கோட்டை மட்டும் காட்டி எந்தப் பாடசாலையின் தலைவிதியையும் எழுதக் கூடாது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று புள்ளிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அச்சு எங்கே தொடங்குகிறது என்று சொல்லுங்கள். கீழே அட்டவணையையும் வையுங்கள். இதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. தோணிக்காரருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் கணக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு, இன்ஷா அல்லாஹ், பிள்ளைகள் வரைந்த படத்தையும் பதிவேட்டையும் கொண்டு வருகிறோம். பெற்றோர் நீங்களும் வாருங்கள். எங்கள் படத்திலும் பிழை கண்டால் எழும்பிக் கேளுங்கள்.