குற்றவாளி டுவீட்டர்தானா?

பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று திடீரென்று மந்தமாகப் பாடுகிறது. பாடகியின் குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. ஜால்ராவின் "சிங்" ஓசையைக் காணோம். வீட்டுக்காரர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "டுவீட்டர் போய்விட்டது. கழற்றி எறி!"

விசாரணையே இல்லாமல் தூக்குத் தண்டனை!

இப்படி எறியப்பட்ட டுவீட்டர்களில் உயிரோடு இருந்தவையும் உண்டு. எறிந்த பிறகு தேடினால் அதே டுவீட்டர் கிடைக்காது. அதைச் செய்த கம்பெனி செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆகவே முதலில் விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும்.

நாலணா அளவு

நல்ல ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு வாய் போதாது. இரண்டோ மூன்றோ இருக்கும். பெரிய வாய் தவில் ஓசையைக் கொடுக்கும். கொலுசு, ஜால்ரா, மணி, பேச்சில் வரும் "ஸ்", "ஷ்" ஆகியவற்றின் கூர்மையைச் சிறிய வாய் கொடுக்கும். அந்தச் சிறிய வாய்தான் டுவீட்டர்.

அதன் முன்னால் மெல்லிய குமிழ் ஒன்று இருக்கும். குமிழின் விளிம்பில் தலைமுடி போன்ற கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுருள், காந்தத்தின் இடுக்கில் தொங்கும். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் அதிரும். கூடவே குமிழும் அதிரும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர வேண்டிய பொருள் கனமாக இருக்க முடியுமா? அதனால்தான் அது அவ்வளவு சிறியது, அவ்வளவு மெல்லியது.

வில்ச்சர் செய்த புதுமை

குமிழ் டுவீட்டரை வீடுகளுக்குக் கொண்டு வந்தவர், அமெரிக்காவைச் சேர்ந்த எட்கர் வில்ச்சர். அவர் படித்தது கலை வரலாறு. மின்னணு வேலையை இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் கற்றுக்கொண்டார்!

1954-ல் ஹென்றி குளோஸ் என்பவருடன் சேர்ந்து, மசாசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ் நகரில் "அகூஸ்டிக் ரிசர்ச்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தவில் ஓசை நன்றாகக் கேட்க வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். வில்ச்சர் சிறு பெட்டி செய்தார். காற்றுப் புகாமல் அதை மூடினார். உள்ளே அடைபட்ட காற்றையே வில்போல வேலை வாங்கினார்.

1958-ல் "ஏ.ஆர்.3" வந்தது. அதில்தான் குமிழ் டுவீட்டர் இருந்தது. அதற்கு முந்திய டுவீட்டர்களின் ஓசை, டார்ச் விளக்கின் ஒளிபோல நேராகப் பாயும். எதிரே உட்கார்ந்தவருக்குக் கேட்கும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் குறையும். குமிழின் ஓசை அறை முழுவதும் பரவியது.

கம்பெனியார் ஒரு வேடிக்கையும் செய்தார்கள். "ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட்" என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவை மேடையில் வாசிக்கச் சொன்னார்கள். நடுவில் வாத்தியம் நின்றுவிடும். முன்பே பதிவு செய்த இசை ஸ்பீக்கரில் வரும். நால்வரும் வாசிப்பதுபோல் பாவனை செய்வார்கள். எது வாத்தியம், எது பெட்டி என்று கேட்டவர்கள் திண்டாடினார்கள்.

1967-ல் "ஏ.ஆர்.3ஏ" வந்தது. ஒரு பெட்டி 250 டாலர். பெரிய வாய் 30 சென்டிமீட்டர். நடு வாய் 38 மில்லிமீட்டர். டுவீட்டர் 19 மில்லிமீட்டர். நம் பழைய நாலணாக் காசு அளவு! விநாடிக்கு 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஓசை எல்லாம் இந்த நாலணாவின் பொறுப்பு.

உண்மையான குற்றவாளி

இந்தப் பெட்டியின் பின்புறம் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று நடு வாய்க்கு, மற்றொன்று டுவீட்டருக்கு. அவரவர் காதுக்கு ஏற்ப ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் அவற்றை வைத்தார்கள். யாரும் அடிக்கடி திருகவில்லை. உள்ளே இருந்த உலோகத்தில் களிம்பு ஏறியது. மின்சாரம் போகும் வழி அடைந்தது. டுவீட்டர் ஊமையாயிற்று.

பழியோ டுவீட்டர் மேல் விழுந்தது!

ஆகவே முதல் சோதனை இதுதான். ஓசையைக் குறைவாக வைத்துப் பாட விடுங்கள். பின்னால் உள்ள திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்து, நடுவில் ஓர் இடத்தில் டுவீட்டர் பேசினால் அது நிரபராதி. திருகைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். களிம்பு அரித்துத் தின்றிருந்தால் திருகைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்கும் பேசவில்லையா? பெட்டியைத் திறக்கலாம். உள்ளே கண்ணாடி நார் அடைத்திருப்பார்கள். கையுறை இல்லாமல் தொட்டால் அரித்துக்கொண்டே இருக்கும். டுவீட்டரின் ஒரு கம்பியைப் பிரித்துவிட்டு மீட்டரை வையுங்கள். பிரிக்காமல் வைத்தால் மற்றப் பாகங்களின் கணக்கும் சேர்ந்து, மீட்டர் பொய் சொல்லும். "நாலு ஓம்" டுவீட்டர் என்றால் மீட்டர் மூன்றை ஒட்டிக் காட்டலாம். முள் அசையவே இல்லையானால் சுருள் அறுந்துவிட்டது. அப்போது தீர்ப்பு எழுதலாம்.

மீட்டர் சரியாகக் காட்டியும் ஓசை மங்கலா? கன்டென்சர் கெட்டிருக்கலாம். டுவீட்டருக்குத் தடித்த ஓசை போகாமல் தடுக்கும் காவல்காரர் அவர். அவருக்கும் வயதாகும். குமிழைத் தாங்கும் நுரை ரப்பர் பிசுபிசுத்துப் போய், குமிழ் அசையாமல் நிற்பதும் உண்டு. நல்ல பெட்டியின் டுவீட்டரை எடுத்துக் கெட்ட பெட்டியில் மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அங்கே அதுவும் ஊமையானால் குற்றம் பெட்டியில் இருக்கிறது.

சுருள் எரிவது எதனால்? பலர் நினைப்பதுபோல் பெரிய ஆம்பிளிபயரால் மட்டும் அது எரிவதில்லை. சின்ன ஆம்பிளிபயரைக் கல்யாண வீட்டு ஓசைக்கு முடுக்கினால் அது திணறும். திணறும்போது கீச்சென்ற கெட்ட ஓசையைக் கக்கும். அது முழுவதும் நாலணாவின் தலையில் போய் விழும்.

பிறந்த தேதி பார்ப்பது எப்படி?

மாற்றத்தான் வேண்டும் என்றால், பழையது எது என்று தெரிய வேண்டும். காந்தத்தின் பின்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். அந்தக் கால அமெரிக்க ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஆறு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் மூன்று இலக்கம், செய்த கம்பெனியைக் குறிக்கும். 220 என்றால் ஜென்சன். 328 என்றால் யூட்டா. 137 என்றால் சி.டி.எஸ். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண். கடைசி இரண்டு, வாரம். ஆகவே 220632 என்பது, 6-ல் முடியும் ஓர் ஆண்டின் 32-வது வாரத்தில் ஜென்சன் செய்தது. அந்த ஆண்டு 1956-ஆ, 1966-ஆ? பெட்டியின் வயதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பெட்டியின் மேல் ஒரு பெயரும் டுவீட்டரின் மேல் வேறு பெயரும் இருந்தால் பயப்பட வேண்டாம். பல கம்பெனிகள் டுவீட்டரை வெளியில் வாங்கிப் பொருத்தின. ஆனால் இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வேறு வேறு டுவீட்டர் இருந்தால், முன்பே யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

ஓட்டை பொருந்தினால் போதுமா?

போதாது. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். "அளவு சரியாக இருக்கிறது, மாட்டிவிடு" என்கிறார்கள். நாலு ஓம் இருந்த இடத்தில் எட்டு ஓம் டுவீட்டரை வைத்தால் என்ன ஆகும்? ஏ.ஆர்.3ஏ பெட்டியில் டுவீட்டருக்கு முன்னால் 6 மைக்ரோஃபாரட் கன்டென்சர் இருக்கிறது. ஓம் இரட்டிப்பானால், அந்தக் கன்டென்சர் போடும் எல்லைக்கோடு பாதியாக இறங்கிவிடும். வரக்கூடாத தடித்த ஓசை டுவீட்டருக்குள் நுழையும். புதிதும் சீக்கிரம் சாகும்.

டெசிபல் கணக்கும் இருக்கிறது. 3 டெசிபல் கூடினால் இரட்டிப்புச் சக்தி கொடுத்ததற்குச் சமம். பழையதைவிடச் சத்தமான புது டுவீட்டரை மாட்டினால், வீட்டில் எல்லோரும் "ஸ்... ஸ்..." என்று பேசுவதுபோல் இருக்கும். ஓம் பார்த்து, டெசிபல் பார்த்து, கன்டென்சரோடு பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு பெட்டிக்கும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கழற்றியதை எறியக்கூடாது. சுருளை மறுபடி சுற்றத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.

நல்ல பெட்டிகளை உடைத்து, டுவீட்டரை மட்டும் தனியாக விற்கும் வியாபாரமும் நடக்கிறது. இது சரியல்ல. ஒரு பெட்டி பிழைக்க ஓடும் பெட்டியைக் கொல்வது என்ன நியாயம்?

கம்பெனிகள் செய்ய வேண்டியது

வில்ச்சரின் கம்பெனி தன் ஸ்பீக்கர்களுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் கொடுத்தது. பாகம், கூலி, அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடக்கம். இன்று விற்கும் சிறு ஸ்பீக்கர்களில் பல, பசை போட்டு ஒட்டப்பட்டு வருகின்றன. திறந்தால் உடையும். உடைந்தால் குப்பை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு பழுதுபார்ப்புச் சட்டம் செய்தது. துணி துவைக்கும் எந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி முதலியவற்றைக் கம்பெனிகள் பழுது பார்த்துத் தர வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஸ்பீக்கர் பெட்டி இடம் பெறவில்லை. இடம் பெற வேண்டும். குறைந்தபட்சம், உள்ளே உள்ள டுவீட்டரின் எண், ஓம், டெசிபல், கன்டென்சர் அளவு ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் அச்சிட்டுப் பெட்டியின் முதுகில் ஒட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவு அற்பம்.

பழுது பார்ப்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த டுவீட்டரைப் பொருத்தினார், எந்தக் கன்டென்சரை மாற்றினார் என்று பெட்டியின் உட்புறப் பலகையில் பென்சிலால் எழுதிவிட்டு மூட வேண்டும். அடுத்த தடவை திறப்பவர் தேடி அலைய வேண்டியிராது.