உலகுக்கெல்லாம் கச்சை, நோர்வூட்டுக்கு வெறும் இலக்கம்

உலகத்துப் பெண்களுக்கு மார்புக்கச்சை தைத்து அனுப்பும் நாடுகளுள் இலங்கை முன்வரிசையில் நிற்கிறது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலந்தொட்டு ஆடைத் தொழில் வளர்ந்தது. 1987இல் உருவான எம்.ஏ.எஸ். நிறுவனம் விக்டோரியாஸ் சீக்ரெட் போன்ற அமெரிக்கப் பெயர்களுக்கு உள்ளாடை தைத்தே உலகறிய வளர்ந்தது. நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஆடைதான் முதலிடம். தேயிலை அதற்கு வெகு பின்னால் நிற்கிறது. அந்தத் தையல் இயந்திரங்களின் முன் குனிந்திருப்போரில் மலையகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் கொழுந்து பறிக்கும் நோர்வூட்டிலோ, அளவுக்குப் பொருந்தும் ஒரு கச்சை வாங்குவது குதிரைக் கொம்பு.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்போர் இருப்பார்கள். நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் 'உள்ளாடை' என்று எழுதிக் கொடுத்தால் அச்சில் 'ஆடை' என்று வரும். தேயிலைப் பொதியின் மேல் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் மட்டும் நூறாண்டுக்கு மேலாக உலகம் சுற்றுகிறது. அவளுடைய உருவத்தை விற்கலாம். அவளுடைய உடலுக்கு என்ன தேவை என்று பேசினால் பண்பாடு கெட்டுவிடும்! என்ன நியாயம் இது?

கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கம்பியில் தொங்கும் கச்சைகளில் 32, 34, 36 என்று இலக்கம் மட்டுமே இருக்கும். விற்பவர் பெரும்பாலும் ஆண். வாங்குபவள் தலைகுனிந்து ஓர் எண்ணைச் சொல்ல, அவர் பழைய பத்திரிகைத்தாளில் சுற்றித் தருவார். அணிந்து பார்க்க இடமில்லை, மாற்றித் தரும் வழக்கமுமில்லை. ஒரு ரவிக்கை தைக்கத் தோள், கை, மார்பு, இடுப்பு, கழுத்து என்று ஐந்தாறு அளவு எடுக்கிறோம். அதற்குள்ளே, உடலை ஒட்டி நாள் முழுதும் கிடக்கும் துணிக்கு ஓர் அளவும் எடுப்பதில்லை.

அந்த இலக்கம் பாதி உண்மையையே சொல்கிறது. அது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிவரும் பட்டியின் அளவு. மற்றப் பாதி கிண்ணத்தின் அளவு. அதை ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் குறிக்கும். மார்பின் நிறைந்த பகுதியின் சுற்றளவிலிருந்து விலாவின் சுற்றளவைக் கழித்தால் வரும் வேறுபாடு ஓரங்குலமானால் ஏ, இரண்டானால் பி, மூன்றானால் சி, நான்கானால் டி. நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு சற்று மாறலாம், அடிப்படை இதுதான். ஆக, 34 பி அணிய வேண்டியவளும் 34 டி அணிய வேண்டியவளும் ஒரே கச்சையை அணிய முடியாது. எழுத்தில்லாக் கடையில் பின்னவள் என்ன செய்வாள்? கிண்ணம் போதாமல் 38 வாங்குவாள். பட்டி தளர்ந்து முதுகில் மேலேறும். பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டி. அது தளர்ந்தால் முழுப் பாரமும் தோள்வார்களில் விழுந்து சதையில் தடம் பதிக்கும்.

நகரத்தில் நாற்காலியில் இருந்து வேலை செய்பவளுக்கே இது வேதனை. கொழுந்து பறிப்பவளை எண்ணிப் பாருங்கள். கூடையின் கயிறு உச்சந்தலையில் இழுக்கிறது. இரு கைகளும் செடிக்கு மேலாக நீண்டு ஓயாமல் இயங்குகின்றன. இடுப்பில் படங்கு இறுகிக் கிடக்கிறது. மலைச்சரிவில் ஏறி இறங்கி, நிறை போடும் இடம்வரை அவளே சுமக்கிறாள். கழுத்தும் தோளும் ஏற்கெனவே நொந்திருக்க, அதே தோளில் வார் வேறு அறுக்கிறது. மழையில் நனைந்த செயற்கை நூல் கச்சை தோலை உராய்ந்து புண்ணாக்குகிறது. மழைக்காலத்தில் லயத்துக்குள் எதுவும் எளிதில் காய்வதில்லை. இரண்டே கச்சை வைத்திருப்பவள் ஈரத்தோடு அணிந்து மலைக்குப் போகிறாள்.

"முதலில் சம்பளம், பிறகு இதெல்லாம்" என்பார்கள் தொழிற்சங்கத்துத் தோழர்கள். சம்பளம் முதன்மையானதே. நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1,350 ஆனது 2024இல். ஆனால் வேலைக்கு அணியும் ஆடையும் வேலை நிலைமையில் அடங்கும். மழைக்கு உறை, காலுக்குச் செருப்பு என்று கேட்கலாமாம். இதைக் கேட்கக் கூடாதாம். கேட்க வேண்டியவள் பெண், மேசைக்கு முன்னால் அமர்ந்து பேசுபவர் பெரும்பாலும் ஆண் என்பதன்றி இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"நம் பாட்டிமார் இதுவா அணிந்தார்கள்?" என்பது இன்னொரு வாதம். திருவிதாங்கூரின் தென்பகுதியில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பதிற்றாண்டுகள் போராடினார்கள். அரசாணை வந்தது 1859இல். பெண் தன் உடலை எதனால் மறைப்பது, எதனால் தாங்குவது என்பதை மற்றவர்கள் தீர்மானித்த காலத்தைப் பொற்காலம் என்று எனக்குச் சொல்ல வராதீர்கள். கச்சை அணிந்தால் மார்பில் புற்றுநோய் வரும் என்ற புரளியையும் சிலர் பரப்புகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டலில் நடந்த ஆய்வொன்று அத்தகைய தொடர்பேதும் இல்லை என்று 2014இல் வெளியிட்டது. அணிய விரும்பாதவள் அணியாதிருக்கட்டும், அது அவள் உரிமை. அணிய விரும்புபவளுக்குப் பொருந்துவது கிடைக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. கடைக்காரர்கள் எழுத்தோடு கூடிய அளவுகளை வரவழைக்கட்டும். ஓர் அளவுநாடா, ஒரு திரை, ஒரு பெண் விற்பனையாளர் போதும். ஏற்றுமதி நிறுவனங்கள் கம்பியும் பஞ்சும் அலங்காரமும் இல்லாத, அகன்ற வார் வைத்த, பருத்திக் கச்சையை எல்லா அளவிலும் தைத்து, தோட்டத்துக் கூட்டுறவுக் கடைகளுக்குக் கட்டுப்படியான விலையில் தரட்டும். உலகச் சந்தைக்கு ஓராயிரம் வகை தைப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. தோட்டத்து மருத்துவ மாதர் பிள்ளைகள் பருவமடையும் வயதிலேயே அளவெடுக்கக் கற்றுக் கொடுக்கட்டும். தோட்டங்களில் தையல் தெரிந்த பெண்களுக்குக் கச்சை வெட்டும் பயிற்சி கொடுத்தால் ஊருக்குள்ளேயே ஒரு தொழிலும் உருவாகும்.

பெண்களுக்கும் ஒரு சொல். பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குள் இரு விரல் நுழைய வேண்டும், கை நுழையக் கூடாது. கிண்ணத்தின் விளிம்பில் சதை பிதுங்கக் கூடாது. புதியதை வாங்கும்போது கடைசிக் கொக்கியில் மாட்டிப் பொருந்துவதையே எடுங்கள். நாளடைவில் தளரும்போது உள்கொக்கிகளுக்கு மாறலாம். கடையில் எழுத்து இல்லையென்றால் "எழுத்து எங்கே?" என்று உரக்கக் கேளுங்கள். நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.