கண்டு சொன்னவனின் வீரம்

கற்பிட்டிக்குச் செல்வோர் பாலாவிச் சந்தியிலே திரும்புவர். அங்குள்ள விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காக அமைக்கப்பெற்றது. அதற்கு இட்ட பெயர் 'ராஜாளியா'. அமெரிக்காவிலே செய்த கோர்சேயர் போர் விமானங்கள் அங்கே சேற்றிற் புதைந்தபோது, யானைகளைப் பூட்டி இழுத்தனர். விண்ணிலே இராசாளி, மண்ணிலே யானையின் தயவு!

வான்போர் வீரன் எத்தனை விமானங்களை வீழ்த்தினான் என்று எண்ணிப் பதக்கம் சூட்டுவது உலக வழக்கு. அவ்வீரத்தை நாம் குறைத்துரைக்க வரவில்லை. எனினும், இத்தீவினர் முதலில் நினைக்க வேண்டிய விமானி, எதிரியைக் கண்டு சொன்னமைக்காகவே புகழ்பெற்றவர்.

1942 ஏப்ரல் 4ஆம் நாள். கொக்கலையிலிருந்து கற்றலீனா என்னும் மெதுவான கடல் விமானத்திலே சென்ற கனடியர் லியனார்ட் பேர்ச்சால், இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டார். அவை எவருடைய கப்பல்கள் என்று உறுதிசெய்ய நெருங்கினார். சீரோ விமானங்கள் சூழ்ந்து சுட்டன. குண்டுமழைக்கு நடுவிலேயே வானொலியிற் செய்தி அனுப்பப்பட்டது. விமானத்திலிருந்த ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவரும் யப்பானியரிடம் சிறைப்பட்டனர். பேர்ச்சாலின் சிறைவாசம் 1945 வரை நீடித்தது. 'இலங்கையின் மீட்பர்' என்ற பட்டம் பின்னர் வந்தது.

செய்தி கொழும்பை எட்டியது. ஆயினும் மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலை, இரத்மலானைப் போர் விமானங்கள் எதிரி தலைக்கு மேல் வந்த பின்னரே எழுந்தன. அன்று பறந்துகொண்டிருந்த சுவோர்ட்பிஷ் விமானங்கள் ஆறும் வீழ்த்தப்பட்டன. சாட்சி தன் உயிரைப் பணயம் வைத்துக் கூறியாயிற்று. கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? நீதிமன்றிலே நாம் எழுப்பும் வினா இதுவாகவே இருக்கும்.

இது பழங்கதையன்று. கடல் கரையைத் தின்கிறதென்று கற்பிட்டி மீனவன் சொல்கிறான். குளக்கட்டிலே கசிவு கண்டேனென்று உழவன் மனு எழுதுகிறான். மனு கோப்பிலே ஏறுகிறது. கோப்பு அலுமாரியிலே உறங்குகிறது. கட்டு உடைந்தபின் நிவாரண அரிசி லொறியில் வருகிறது, புகைப்படக்காரரோடு!

அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005இலே இயற்றப்பட்டது. முன்னறிவித்த குடிமகனுக்கு, எந்நாளில் எந்த அலுவலர் நேரில் வந்து பார்த்தார், என்ன செய்தார் என்று எழுத்திலே மறுமொழி தருவதை அச்சட்டத்தின் கீழ்க் கட்டாயக் கடமையாக்க வேண்டுமென நாம் கேட்கிறோம். மனு எழுதும் உழவர்களும் மீனவர்களும் அதன் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருப்பார்களாக.