வில்லங்கம் இல்லை என்று சொல்லும் காகிதம்

எங்கள் ஊர் கோவில்பட்டியில் மனை வாங்குவதென்றால் அப்பா முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். அடுத்து முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று. இரண்டும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்கமாட்டார். பத்திரங்களை உறையில் போட்டு, பீரோ லாக்கரில் அம்மாவின் நகைக்குப் பக்கத்தில் வைப்பார். அதே அப்பா, 2008-இல் நியூயார்க்கில் எனக்கு விவாகரத்து ஆனபோது போனில் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் காகிதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துராத, தாயி."

நான் கொண்டுவரவில்லை. முறையாக வாங்கி வைக்கக்கூட இல்லை. வக்கீல் தபாலில் அனுப்பிய ஜெராக்ஸை ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்து, பழைய கைப்பைக்குள் போட்டேன். ஆறு வருஷம் கழித்து மறுமணத்துக்காக ஊருக்குப் போனபோது, பதிவு அலுவலகத்தில் முதலில் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான். முத்திரை வைத்த நகல் வேண்டும் என்றார்கள். கேட்டதில் ஒரு தவறும் இல்லை. முந்தைய திருமணம் முடிந்துவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி? ஆவணியில் குறித்த முகூர்த்தம் தள்ளிப்போய், தை மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. இடைப்பட்ட மாதங்களில் அம்மா எத்தனை பேருக்குப் பதில் சொன்னாள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதற்குப் பிறகு, நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் துணையாக கவுன்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். எல்லோர் கதையிலும் ஒரே முடிச்சுதான். கோர்ட்டுக்குப் போகத் துணிந்தவர்கள், கோர்ட் கொடுத்த காகிதத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கக் கூசியிருக்கிறார்கள். அது கெட்ட சகுனம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கூச்சத்தை நாம் விட்டாக வேண்டும். அமெரிக்காவில் மகளுக்கு விவாகரத்து ஆகியிருக்கும் அப்பா அம்மாக்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் விவாகரத்து வழங்குவது சுப்ரீம் கோர்ட். பெயரைக் கேட்டு டெல்லியில் இருப்பதுபோல நினைக்க வேண்டாம். அங்கே வழக்கு தொடங்கும் கோர்ட்டுக்கே அந்தப் பெயர். மாநிலத்தில் 62 கவுன்டிகள். கவுன்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. நீதிபதி கையெழுத்துப் போட்ட தீர்ப்பு, அந்தக் கவுன்டியின் கிளார்க் அலுவலகத்தில் பதிவானால்தான் முழுமை பெறும். கோப்பும் அங்கேயேதான் இருக்கும். நம்மவர்கள் பலர் மன்ஹாட்டனில் திருமண லைசென்ஸ் வாங்கிய சிட்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். கல்யாணம் அங்கே, விவாகரத்து இங்கே. இன்னொரு சிக்கலும் உண்டு. குடியிருந்தது குவீன்ஸ் என்பதால் வழக்கும் குவீன்ஸில்தான் நடந்திருக்கும் என்று எண்ணக்கூடாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வழக்குகளை வக்கீல்கள் தங்களுக்கு வசதியான வேறு கவுன்டியில் தாக்கல் செய்வது உண்டு. தாக்கல் செய்த கவுன்டி எதுவோ, அங்கேதான் கேட்க வேண்டும்.

அங்கே போகும்போது கையில் இன்டெக்ஸ் நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வக்கீல் அனுப்பிய எந்தத் தாளின் தலையிலும் அது இருக்கும். பெரும்பாலும் எண், ஒரு கோடு, பிறகு வழக்குப் போட்ட ஆண்டு. இல்லையென்றால் இருவர் பெயரையும் ஆண்டையும் சொல்லித் தேட வேண்டும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால், நம் பெண்களின் பெயரில் அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று குழம்பியிருந்தால், தேடல் நீளும். கோப்பு பழையதாகி வேறு கிடங்குக்குப் போயிருந்தால் வரவழைக்கச் சில நாள் ஆகும். புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். நியூயார்க் நகரத்துக் கவுன்டிகளில் சான்றிட்ட நகலுக்கு நான் கட்டியது 8 டாலர்.

நேரில் போக முடியாதவர்கள் தபாலில் கேட்கலாம். வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்தும் வாங்கலாம். ஆனால் கையெழுத்து நோட்டரி முன்னால் போட்டதாக இருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் பெண் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அந்த நோட்டரி முத்திரையை வாங்கினால், ஒரு முத்திரைக்கு 50 டாலர். எட்டு டாலர் காகிதத்துக்கு ஐம்பது டாலர் முத்திரை! தீர்ப்பு வந்த வாரத்திலேயே வாங்கியிருந்தால் இந்தச் செலவே இல்லை.

மாநில சுகாதாரத் துறையும் விவாகரத்துச் சான்றிதழ் ஒன்று தருகிறது, 1963 முதலான விவாகரத்துகளுக்கு. யாருக்கும் யாருக்கும், எங்கே, எந்தத் தேதியில் என்பது அதில் இருக்கும். பிள்ளை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு, வீடு யாருக்கு என்பதெல்லாம் இருக்காது. இந்தியாவில் காட்டுவதற்குத் தீர்ப்பின் நகலே வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

எல்லோருக்கும் கோர்ட்டின் விவாகரத்துக் கோப்பைக் காட்டுவார்களா என்று ஊரில் பயப்படுகிறார்கள். நியூயார்க்கில் காட்டமாட்டார்கள். கணவன், மனைவி, அவர்களுடைய வக்கீல்கள், கோர்ட் உத்தரவு பெற்றவர்கள் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கோப்பு நூறு ஆண்டுகளுக்கு மூடப்பட்டது. நான் இந்தச் சட்டத்துக்கு மனதார நன்றி சொல்கிறேன். 2010 அக்டோபர் வரை நியூயார்க்கில் ஒருவர் மீது குற்றம் சாட்டாமல் விவாகரத்து வாங்குவது மிகக் கடினம். நான் 2008-இல் வாங்கியவள். என் கோப்பில் என் வாழ்க்கையின் மிக மோசமான இரவுகளை நானே தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்ட பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு கல்யாணத் தரகரோ, துப்பறியும் நிறுவனக்காரரோ காசு கொடுத்து வாங்க முடியாது என்ற நினைப்பில்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். டெக்சாஸில் அப்படியில்லை. அங்கே விவாகரத்துக் கோப்பு இருப்பது கவுன்டி கிளார்க்கிடம் அல்ல, டிஸ்டிரிக்ட் கிளார்க்கிடம். பெரும்பாலும் யார் கேட்டாலும் பார்க்கலாம். நீதிமன்றம் திறந்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அடி வாங்கிய பெண்ணின் வாக்குமூலம் பொதுச் சொத்து என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் காகிதத்தின் மதிப்பை எனக்கு முழுதாகப் புரியவைத்தவர் மதுரைக்கார அக்கா ஒருவர். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். வெளியே சம்பளத்துக்கு ஒருநாளும் போனதில்லை. விவாகரத்துக்குப் பிறகு யார் வீட்டிலோ சமையல் செய்துகொண்டிருந்தார். பத்து வருஷமாவது நீடித்த திருமணம் என்றால், 62 வயதான பின், மறுமணம் செய்யாத முன்னாள் மனைவிக்கு, கணவரின் சோஷியல் செக்யூரிட்டி கணக்கின் பேரில் அவருக்கு உரியதில் பாதி வரை மாதாமாதம் கிடைக்க அமெரிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கணவருக்கு வருவதில் ஒரு காசும் குறையாது. அக்காவுக்கு இது தெரிந்தபோது வயது 64. கேட்ட சான்றுகளில் ஒன்று விவாகரத்துத் தீர்ப்பு. தீர்ப்பு வந்த அன்றே அதைக் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். குவீன்ஸின் ஜமைக்கா பகுதியில் சட்ஃபின் பூலவார்டில் இருக்கும் கோர்ட் கட்டடத்துக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். நகல் கைக்கு வந்ததும் அவர் அதைப் படிக்கவில்லை. முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தியாவில் இந்த முத்திரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்றே போதும். 1975-இல் திருப்பதியில் நடந்த கல்யாணம். கணவர் அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுன்டி கோர்ட்டில் 1980-இல் விவாகரத்து வாங்கி, மறு வருஷம் ஆந்திராவில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார வழக்குப் போட்டார். கணவர் தரப்பு நீட்டியது தீர்ப்பின் ஒளிநகலை. அதில் அந்தக் கோர்ட்டின் துணை கிளார்க் சான்று இருந்தது. அமெரிக்காவில் இருந்த இந்திய அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லை. அதனால் அது சாட்சியமாக ஏற்கப்படவில்லை. அதைவிட முக்கியமாக, இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லி வாங்கிய தீர்ப்பு இங்கே செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைவி முழு மனதோடு பங்கேற்காத, ஒருதலையாக வாங்கிய வெளிநாட்டு விவாகரத்தால் கைவிடப்படும் பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் அரண். ஆகவே நகல் கையில் இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடையாமல், ஊரில் ஒரு குடும்பநல வக்கீலிடம் அதைக் காட்டிவிடுங்கள்.

ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க ஒரே சான்று போதும் என்னும் அப்போஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005-இல் நடைமுறைக்கு வந்தபின் முத்திரை வேலை எளிதாகிவிட்டது. கவுன்டி கிளார்க் சான்றிட்ட நகலை நியூயார்க் மாநில அரசின் டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் கொடுத்தால் 10 டாலருக்கு அப்போஸ்டில் ஒட்டித் தருகிறார்கள்.

என் கோரிக்கை சின்னது. விவாகரத்து வழக்கு நடத்தித் தரும் வக்கீலிடம், கட்டணம் பேசும்போதே, மூன்று சான்றிட்ட நகல் வாங்கித் தருவதும் உங்கள் வேலை என்று சொல்லிவிடுங்கள். ஒன்று அமெரிக்காவில், ஒன்று ஊரில், ஒன்று அப்போஸ்டிலுக்கு. மகளைத் தேற்ற வரும் அத்தை, சித்தி எல்லோரும் "சாப்பிட்டியா" என்று கேட்ட கையோடு, "நகல் வாங்கிட்டியா" என்றும் கேளுங்கள்.

வரும் வியாழக்கிழமை, நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு தங்கச்சியுடன் மறுபடியும் போகிறேன். மூன்று நாளாக இன்டெக்ஸ் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். நேற்றிரவு ஊரிலிருந்து அவள் அப்பா போன் செய்தாராம். வீட்டுப் பத்திரம் இருக்கும் பையில், 2017-இல் வக்கீல் அனுப்பிய கடிதத்தை அவர் சேர்த்து வைத்திருந்தாராம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை படித்துச் சொன்னாராம்.